தெற்கு வேலி

ஓகஸ்ட் 4, திங்கள்

தெற்கு வேலி சரிந்துவிட்டது. விழவில்லை. பஸ்ஸில் தூங்குகிறவர் பக்கத்து ஆளின் தோளில் சாய்வதுபோல, தழைத்த கதியால் மரத்தில் சாய்ந்து நிற்கிறது.

தென்னோலைக் கிடுகுகள் கறுத்து உதிர்ந்து, நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு வாய். அதன் வழியே பக்கத்து வீட்டுத் தங்கேஸ்வரி மாமியின் குசினி தெரிகிறது. இடியப்பத் தட்டுகள், புகை, மண்சுவரில் சாய்த்த விறகு. மாமி அங்கே இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். அதுதான் அவருடைய சீவியம். அங்கிருந்து பார்த்தால் எங்கள் கிணற்றடி தெரியும்.

காலையில் குளிக்கும்போது கொடிக்கயிற்றில் ஒரு போர்வையைப் போட்டேன். காற்று அதை என்மேல் கொண்டுவந்து ஒட்டியது.

அம்மாவிடம் சொன்னேன்.

"அது அவையின்ர வேலி. அவை அடைக்கட்டும்."

"ரெண்டு வருஷமா அடைக்கேல்லைப் போல."

"அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? மேற்கு வேலி எங்கட. போய்ப் பார், எப்பிடி நிக்குதெண்டு."

போய்ப் பார்த்தேன். நேராக நிற்கிறது.

இங்கே ஒவ்வொரு வேலிக்கும் ஒரே ஒரு சொந்தக்காரர். இரண்டு வளவுக்கு நடுவே நின்றாலும் அது பாதி பாதி ஆகாது. யாருடையதோ அவர் அடைக்க வேண்டும். வேலி நிற்கிற நிலமும் அவருடையது. அதில் தழைக்கிற குழையும் அவருடையது. மற்றவருடைய வேலை பொறுத்திருப்பது. கொழும்பில் மாடிக் குடியிருப்பில் சுவர் யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. இந்த விதிகளில் பாதிதான் எனக்கு ஞாபகம்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

கொழும்பிலிருந்து அழைப்பு. எடுக்கவில்லை. முருங்கைக்காய்க் கறி.

ஓகஸ்ட் 8, வெள்ளி

கிணற்றடியில் நின்றேன். வேலியின் வாய்க்குள்ளிருந்து மாமியின் குரல்.

"பிள்ளை, லீவு எத்தினை நாள்?"

"கொஞ்ச நாள், மாமி."

"போன மாசமும் கொஞ்ச நாளெண்டுதானே கொம்மா சொன்னவ?"

"கூட்டித் தந்திருக்கினம்."

"நல்ல கந்தோர். எங்கட மருமோனுக்கும் அதில ஒரு வேலை எடுத்துக் குடன்." சிரித்தார். பிறகு, "கண் ஏன் வீங்கிக் கிடக்கு?"

"தூசு."

"ஓம். இந்த மாசம் தூசு கூடத்தான்."

அவருடைய குரலில் கெடுதல் இல்லை. இருந்திருந்தால் சுலபம்.

ஓகஸ்ட் 9, சனி

பார்க்கப்படுவது என்றால் என்ன என்பதைப் பல்கலைக்கழகத்தில் ஒரு முழுப் பருவம் படித்தோம். நான் நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன். நல்ல புள்ளி கிடைத்தது.

அந்தக் கட்டுரையில் கிணற்றடி எங்கும் இல்லை.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

மாமி வவுனியாவுக்குப் போகிறார். மகளுக்குப் பிள்ளைப்பேறு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் கேற்றில் நின்று அம்மாவைக் கூப்பிட்டார். வலது கையை இன்னும் தூக்க முடியவில்லை அவருக்கு; மாரி மழையில் வழுக்கி விழுந்த அடி.

"மகேசக்கா, ஒருக்கா வீட்டுப் பக்கமும் கண் வச்சுக்கொள்ளுங்கோ."

"அதைச் சொல்ல வேணுமே? போட்டு வா. பெடியனோ பெட்டையோ எண்டு போன் பண்ணிச் சொல்லு."

ஓகஸ்ட் 13, புதன்

சுன்னாகம் சந்தையில் கிடுகும் தும்புக் கயிறும் வாங்கினேன். லான்ட்மாஸ்ரர் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

காரணத்தை எழுதிவைக்கிறேன். மாமியின் கை ஆறவில்லை. கூலி ஆள் பிடிக்க அவருக்கு வசதி இல்லை. திரும்பி வரும்போது ஒரு வேலை குறைந்திருக்கும். அயல் என்றால் இதுகூடச் செய்யாமல் எப்படி?

நல்ல காரணம். இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன்.

ஓகஸ்ட் 14, வியாழன்

வேலி அடைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். குத்தூசி என்று ஒரு நீளமான மர ஊசி. அதில் கயிற்றைக் கோத்து இவர் கிடுகுக்குள்ளால் குத்திவிட, அவர் அதைத் திருப்பிக் குத்திவிடுவார். நான் ஒருத்தி. மாமி இல்லாதபோது அவருடைய வளவுக்குள் போய் நிற்பது மரியாதை இல்லை என்று பட்டது. எங்கள் பக்கத்திலேயே நின்று, கையை உள்ளே விட்டுக் கயிற்றை வளைத்து இழுத்தேன். மணிக்கட்டு முழுக்கக் கீறல்.

அம்மா குசினி வாசலில் நின்று பார்த்தார். அவையின்ர வேலி, உனக்கென்ன வேலை என்று ஏசப்போகிறார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. உள்ளே போனார். தேத்தண்ணியோடு வந்தார்.

"இறுக்கிக் கட்டு. இஞ்சால இழுத்து, இஞ்சாலேயே முடி."

ஏணியும் அவர்தான் கொண்டுவந்து தந்தார்.

ஓகஸ்ட் 15, வெள்ளி

முடிந்தது. புதுக் கிடுகின் மணம். பின்னேரம் வரை கையில் அதே மணம்.

போர்வையை எடுத்து மடித்து வைத்தேன். கிணற்றடியில் நெடுநேரம் இருந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

அண்ணா ரொறன்ரோவிலிருந்து வீடியோவில் வந்தான். வேலியைக் காட்டச் சொன்னான். அவனுக்கு யார் சொன்னது என்று கேட்கவில்லை.

"கிட்டக் கொண்டு போ. இன்னும் கிட்ட. முடிச்சைக் காட்டு."

"முடிச்சு என்னத்துக்கு?"

"முழுக்க நீயே கட்டினனி?"

"ஓம்."

"முழுக்க எங்கட பக்கம் நிண்டோ?"

"ஓமண்ணா."

"கெட்டிக்காரி."

பிரதீபன் அண்ணா என்னை அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை. சோதனை முடிவுகள் வந்த நாட்களில்கூட. அம்மா பின்னால் நின்று உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே மடித்த உடுப்புகள்.

ஓகஸ்ட் 20, புதன்

மாமிக்குப் பேத்தி. போன் வந்தது. அம்மா சத்தமாகச் சந்தோஷப்பட்டார். வேலியைப் பற்றிச் சொல்லவில்லை.

"நேர வந்து பாக்கட்டும்," என்றார் என்னிடம்.

ஓகஸ்ட் 27, புதன்

மாமி வந்துவிட்டார்.

காலையில் கிடுகுக்கு அப்பால் செருப்புச் சத்தம் கேட்டது. வேலி நீளத்துக்கு மெல்ல நடந்தது. நின்றது. திரும்பி நடந்தது. நன்றி சொல்வார் என்று வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். நான் முகத்தை ஆயத்தம் செய்து வைத்திருந்ததையும் எழுதத்தான் வேண்டும்.

அவர் ரோட்டால் சுற்றி வந்தார். கேற்றில் நின்றார். உள்ளே வரவில்லை.

"ஆரைக் கேட்டு அடைச்சனீங்கள்?"

"விழுந்து கிடந்தது, மாமி. அதுதான்…"

"விழுந்தது என்ர வேலி. அது விழுந்து கிடக்கவும் எனக்கு உரித்து இருக்கு."

அம்மா வந்தார். "உதவி செய்தாலும் குற்றமோ தங்கேசு?"

"உதவியெண்டால் முடிச்சு எங்கட பக்கம் எல்லோ விழுந்திருக்கும்? அந்தப் பக்கம் நிண்டு பாத்தால் எனக்கு ஒரு முடிச்சும் காணேல்லை. முழு வேலிக்கும் ஒண்டுமில்லை."

"பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாது."

"பிள்ளைக்குத் தெரியாது," என்றார் மாமி. "உங்களுக்குத் தெரியாதோ அக்கா?"

மாமி கேற்றைச் சாத்திவிட்டுப் போனார். திறந்திருந்த கேற்றைச் சாத்திவிட்டுப் போனார்.

ஓகஸ்ட் 28, வியாழன்

எனக்கு ஞாபகம் இல்லாத மற்றப் பாதி இதுதான். வேலிக்காரர் தன் வளவுக்குள் நின்று கட்டுவார். ஆகவே முடிச்சு அவர் பக்கம் விழும். வழக்கு என்று வந்தால் பெரியவர்கள் முதலில் பார்ப்பது முடிச்சைத்தான். முடிச்சு உள்ள பக்கத்தாருக்கு வேலி. வேலி யாருக்கோ அவருக்கு அது நிற்கிற நிலம்.

அம்மாவிடம் கேட்டேன். முருங்கையிலை உருவிக்கொண்டே சொன்னார். அண்ணா பின்வளவில் அறைகள் கட்டப்போகிறான். வாகனம் போக வழி வேண்டும். வேலி நிற்கிற நிலமும் சேர்ந்தால்தான் வழிக்கு அகலம் காணும். வேலியை எடுத்துவிட்டு அதில் மதில் எழுப்புவான்.

"அத்திவாரம் வெட்டினால் மாமியின்ர குசினி நிக்காதே. அது மண்சுவர்."

"வேற இடத்தில போடட்டும்."

"அங்க எங்க இடமிருக்கு? ஒரு பக்கம் கிணறு, மற்றப் பக்கம் வீடு."

அம்மா இலையை உருவினார். ஒரு காம்பு முடிந்து அடுத்த காம்பு.

"உனக்கொரு அறை வேண்டாமே? பாத்ரூமோட. நீ இனி இஞ்சதானே."

ஊருக்கு எல்லாம் லீவு என்று சொல்கிறவர். என்னிடமும் அப்படித்தான் சொல்லிவந்தார். இன்று முதல் தடவையாக மற்றதைச் சொன்னார். கீரைச் சுளகைப் பார்த்துக்கொண்டு.

அந்த மதில் எனக்காகவும்தான். இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஓகஸ்ட் 30, சனி

மத்தியானம். அம்மா படுத்திருந்தார். கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். முதல் முடிச்சில் வைத்தேன்.

"விடு."

கிடுகுக்கு அந்தப் பக்கம் மாமி. இருந்ததே தெரியவில்லை.

"அவிழ்த்து விடுறன் மாமி. பழையபடி கிடக்கட்டும்."

"இப்ப அவிழ்ந்தால் ஆர் அவிழ்த்ததெண்டு வரும்? நான்தான் இரவோட இரவா அவிழ்த்தனானெண்டு கொண்ணன் பொலிசுக்கு எழுதுவான். கட்டேக்க கட்டிப்போட்டாய். இனி உன்ர கையால அதுக்கு ஒண்டும் செய்யேலாது."

கத்தியை மடக்கினேன். இரண்டு பேரும் போகவில்லை. முகம் தெரியாதபோது பேசுவது எளிது. அல்லது அப்படி நினைத்தேன்.

"உன்ர மனுசன் அடிக்கிறவனோ?" என்று மாமி கேட்டார்.

"இல்லை."

"குடி?"

"இல்லை, மாமி."

"அப்ப?"

நான் சொன்னதை இங்கே எழுதவில்லை. சுருக்கமாகத்தான் சொன்னேன். அடுப்பில் ஏதோ பொங்கி வழிகிற சத்தம்.

"விட்டிட்டு வர அதுவும் காணும்," என்றார் மாமி. எழும்பிப் போனார்.

செப்டெம்பர் 2, செவ்வாய்

மேசன் வந்து வேலியோரம் நூல் பிடித்துப் பார்த்தார். கிடுகுக்கு மேலால் எட்டி மாமியின் குசினிச் சுவரைத் தட்டினார். "உது ஒரு மழைக்குக் காணாது," என்றார் சிரித்துக்கொண்டு. அம்மா சிரிக்கவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்துவிட்டார்.

செப்டெம்பர் 6, சனி

மாமி, ஊர்ப் பிணக்குத் தீர்க்கிற இணக்கசபைக்கு முறைப்பாடு போட்டுவிட்டார். அடுத்த சனி வரச் சொல்லிக் கடிதம்.

மழை இல்லை. பனங்காய் விழுகிற காலம். பனங்களி பிசைந்து அம்மா பணியாரம் சுட்டார். வழக்கமாக ஒரு கிண்ணம் வேலிக்கு மேலால் அங்கே போகும். கிண்ணத்தை எடுத்தார், வைத்தார்.

செப்டெம்பர் 11, வியாழன்

"என்ன சொல்லப்போறாய்?" என்றார் அம்மா.

"கேக்கிறதுக்குப் பதில் சொல்லுவன்."

"வேலி எங்கட, அதுதான் அடைச்சனான் எண்டு சொல்லு. பொய்யில்லையே. நீதானே அடைச்சனி."

"பிறகு ஏன் மாமி இவ்வளவு காலமும் அடைச்சவ எண்டு கேட்டால்?"

"நாங்கள் விட்டுக் குடுத்தனாங்கள் எண்டு சொல்லு." பிறகு தணிந்து, "தர்சிகா, நகையும் காசும் கொழும்பில நிண்டிட்டுது. இனி அது வராது. இஞ்சயாவது உனக்கெண்டு ஒரு மூலை வேணும். நான் எத்தினை நாளைக்கு?"

அம்மா பேராசைக்காரி என்று எழுத முடிந்தால் நாளை மறுநாள் எனக்குச் சுலபமாக இருக்கும். எழுத முடியவில்லை.

செப்டெம்பர் 13, சனி

பள்ளிக்கூடத்து வகுப்பறையில் இணக்கசபை. ஆறாம் வகுப்பு. கரும்பலகையில் தசமப் பின்னங்கள் அழிக்காமல் இருந்தன. நாங்கள் சின்ன வாங்குகளில் முழங்கால் மடக்கி இருந்தோம். பின்னால் தங்கள் முறைக்குக் காத்திருப்பவர்கள். பாதிப் பேர் ஊர்க்காரர்.

தலைவர் முன்பு தபாலதிபராக இருந்தவர். பக்கத்தில் ஒரு ரீச்சர், மற்றவர் கடைக்காரர். நேற்றுப் பின்னேரமே வந்து வேலியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். முதலில் மாமி சொன்னார். சுருக்கமாக. வேலி தன்னுடையது, தான் இல்லாத நேரம் அடைத்துவிட்டார்கள், மதில் வந்தால் குசினி போகும், குசினி போனால் தனக்கு வேறு தொழில் தெரியாது.

பிறகு என்னைக் கேட்டார்கள்.

"ஆர் பிள்ளை வேலியை அடைச்சது?"

"நான்."

"எந்தப் பக்கம் நிண்டு?"

"எங்கட பக்கம்."

"அப்ப உங்கட வேலியெண்டுதானே அடைச்சனீர்?"

"இல்லை. வேலி மாமியின்ர."

அம்மா எழும்பினார். "அவளுக்கு ஒண்டும் தெரியாதையா. கொழும்பில இருந்த பிள்ளை. உதவியெண்டு நினைச்சுச் செய்தவள்."

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "அடுத்தவையின்ர வேலியை, சொந்தக் காசில கிடுகு வாங்கி, கையெல்லாம் கிழிய, அதுவும் அவ இல்லாத நேரம் பாத்து, ஆரும் சும்மா அடைப்பினமே? உண்மையைச் சொல்லும் பிள்ளை. ஏன் அடைச்சனீர்?"

சரியான கேள்வி. உதவி என்றால் அவர் நம்பமாட்டார். ஓகஸ்ட் பதின்மூன்றாம் தேதி எழுதியதை நானும் நம்பவில்லை.

"மாமி என்னைப் பாக்கிறா. அது எனக்குப் பிடிக்கேல்லை."

"பாத்தால் என்ன?"

வகுப்பறையில் யாரோ செருமினார்கள். நான் சொல்வது இந்தக் கதவைத் தாண்டினால் கோயில் தேர்முட்டி வரை போகும். அம்மாவுக்கும் அது தெரியும். என் சட்டை நுனியை இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"நான் லீவில வரேல்லை, ரீச்சர். அவரை விட்டிட்டு வந்திட்டன். இனிப் போகமாட்டன். கிணத்தடியில நிண்டு அழுறதை மாமி கண்டிட்டா. திரும்பவும் காணக்கூடாதெண்டு அடைச்சனான். வேற ஒண்டுக்குமில்லை."

பின்வாங்கில் ஒருவர் பக்கத்தவரைத் தட்டினார்.

தலைவர் அம்மாவைப் பார்த்தார். "என்னம்மா, மகள் சொல்லுறது சரியோ?"

அம்மா இல்லை என்று சொல்லியிருக்கலாம். பிள்ளைக்கு மனம் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் ஆட்கள் தலையாட்டியிருப்பார்கள். சட்டை நுனியை விட்டார்.

"அவள் பொய் சொல்லுறேல்லை," என்றார். வாங்கில் இருந்தார்.

வேலி தங்கேஸ்வரிக்கு என்று எழுதினார்கள். அவிழ்த்துத் தன் பக்கம் முடிச்சு விழத் திரும்ப அடைக்க அவருக்கு உரித்து. இரண்டு பேரும் கையெழுத்து. மாமி இடது கையைத் தாங்கலாகக் கொடுத்து வலது கையால் மெல்லப் போட்டார்.

வெளியே வரும்போது மாமி என்னைப் பார்க்கவில்லை. வேறு எல்லோரும் பார்த்தார்கள்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

அம்மா பேசவில்லை. சோறு போட்டு மூடி வைத்திருந்தார். மீன் நடுத்துண்டு எனக்கு.

செப்டெம்பர் 15, திங்கள்

அண்ணா குரல்பதிவு அனுப்பினான். "உனக்கென்ன விசரே? ஊரைக் கூட்டி வச்சு உன்ர கதையைச் சொன்னனியாமே?" நீளமான பதிவு. பாதியில் அவனுடைய பிள்ளை எதற்கோ அழுகிறது, அவன் ஆங்கிலத்தில் சமாதானம் சொல்கிறான், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து ஏசுகிறான்.

மத்தியானம் கொழும்பிலிருந்து அழைப்பு. எடுத்தேன். வரமாட்டேன் என்றேன். சரி என்றார் அவர். அவ்வளவுதான். இவ்வளவு நாளும் நான் எடுக்காமல் இருந்தது இந்த ஒரு சொல்லைத்தானா?

செப்டெம்பர் 18, வியாழன்

கடையில் பருப்பு வாங்கப் போனேன். கடைக்காரரின் மனைவி, "இனி இஞ்சதானோ பிள்ளை?" என்றார்.

"ஓம்."

"நல்லது. எங்கட மோளுக்கு இங்கிலீசு சொல்லிக் குடுக்க ஆள் தேடுறன்."

பயந்த அளவுக்கு உலகம் என்னைக் கவனிக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

செப்டெம்பர் 22, திங்கள்

மாமி ரோட்டால் சுற்றி வந்தார். கேற்றைத் தட்டினார். இந்தத் தடவை சேலை கட்டியிருந்தார். அம்மா போய்த் திறந்தார்.

"மகேசக்கா, நாளையிண்டைக்கு வேலி அடைக்கிறம். உங்கட வளவுக்குள்ள ஒராள் நிண்டு குத்தூசி வாங்கோணும். விடுவியளோ?"

அப்படித்தான் கேட்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். நான் கேட்காமல் விட்டதை அவர் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

அம்மா கேற்றின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆர் நிக்கிறது?"

"கூலிக்கு ஒராளைச் சொல்லியிருக்கிறன்."

"கூலிக்கு என்னத்துக்கு?" தலையை என் பக்கம் சாய்த்தார். "இவள் சும்மாதானே நிக்கிறாள்."

ஒன்பது நாளுக்குப் பிறகு என்னைப் பற்றி அவர் சொன்ன முதல் வாக்கியம்.

செப்டெம்பர் 24, புதன்

காலையில் தொடங்கினோம். நான் கட்டிய முடிச்சுகளை நானே அவிழ்த்தேன். கிடுகுகள் நல்ல கிடுகுகள். அதையே திரும்ப வைத்துக்கொள்ளலாமா என்று மாமி கேட்டார். அம்மா குசினிக்குள்ளிருந்து, "பின்னே எரிக்கவோ?" என்றார்.

மாமி தன் பக்கம், நான் என் பக்கம். குத்தூசி கிடுகுக்குள்ளால் மூக்கை நீட்டும். கயிற்றைக் கழற்றி, பனைமட்டையைச் சுற்றி, திரும்பக் கோத்துக் குத்திவிடுவேன். அந்தப் பக்கம் இழுபடும். அவருக்கு வலக்கை பலமில்லை. முடிச்சு இறுக நேரம் எடுத்தது. "விடாதை… பிடி… இப்ப விடு." முகம் தெரியாமல் ஒருவருடைய கை பலத்தை இவ்வளவு துல்லியமாக அறிந்ததில்லை.

"கண்ணைக் குத்திப்போடாதை பிள்ளை. பிறகு அதுக்கும் இணக்கசபைக்குப் போகோணும்."

சிரித்தேன். அந்தப் பக்கமும் சிரிப்பு.

பத்து மணிபோல் அம்மா வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டுகிற சாட்டில் வந்து பக்கத்தில் நின்றார். பிறகு கிடுகின் மேல் நுனியைப் பிடித்துத் தந்தார்.

குசினிக்கு நேரே வந்ததும் கயிறு நின்றது.

"மகேசக்கா, இதில ஒரு பொட்டு விடப்போறன். சம்மதமோ?"

பொட்டு என்பது அயலார் ரோட்டால் சுற்றாமல் போய்வர வேலியில் விடுகிற இடைவெளி. இந்த வேலியில் இருந்ததில்லை. விடுவது வேலிக்காரரின் உரித்து. கேட்டது மரியாதைக்கு.

"என்னத்துக்கு? உன்ர கோழி வந்து வெங்காயத்தைக் கிண்டவோ?"

"கோழிக்குத் தட்டி வைப்பன். இது பிள்ளைக்கு."

"அவளுக்கு அங்கால என்ன வேலை?"

"விடிய இடியப்பம் பிழிய எனக்கொரு கை காணாது. சும்மா நிக்கிறாளெண்டு நீங்கள்தானே சொன்னியள்?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் குத்தூசியைப் பார்த்தேன்.

"அவளைக் கேள்," என்றார் அம்மா. "அவள் இப்ப எல்லாத்துக்கும் தானே பதில் சொல்லுறவள்."

"பிள்ளை, குனிஞ்சு வா பாப்பம். அளவு பாக்கோணும்."

குனிந்தேன். இரண்டு தோளும் கிடுகில் உரசின. நிமிர்ந்தபோது மாமி எதிரே, கை எட்டும் தூரத்தில். என் முகத்தை நன்றாகப் பார்த்தார். அவசரமில்லாமல், அரிசியில் கல் பார்ப்பதுபோல. நான் நின்றேன்.

"காணுமோ?"

"காணும், மாமி."

"உனக்குக் காணும்." பொட்டுக்குள்ளால் எட்டி, அந்தப் பக்கம் நின்ற அம்மாவை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அம்மா கொஞ்சம் பருத்தவர்.

"என்னை ஏன் பாக்கிறாய்? நான் உதுக்குள்ளால வரமாட்டன் தங்கேசு. எனக்குக் கேற் இருக்கு."

மாமி கடைசியாகக் கட்டிய முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தார். கிடுகை இன்னும் ஒரு சாண் தள்ளிவைத்து, திரும்பக் கட்டத் தொடங்கினார்.